பொறந்தவளுக்குக் குடுத்த பள்ளக்காடு

இந்த மூட்டையக் கொஞ்சம் உங்க காலுக்கு அடியில தள்ளி வெச்சுக்கறனுங்க தம்பி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. தேங்காய்தான். சேலத்துல என்ற தங்கச்சி இருக்கறா, அவளுக்குக் கொண்டுட்டுப் போறேன். காய் சிறுசுதான். இந்த வருசம் காயே அப்படித்தான் வருது. எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் பெருசுன்னு வெச்சுக்கங்க. ஆனா பொறந்தவ ஊட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமுங்களா.

நீங்களும் சேலந்தானுங்களா? நல்லதாப் போச்சு. நீங்க போன்ல பாட்டுக் கேக்கறதுன்னா கேளுங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டு வருவேன், எனக்கு அதுல ஒண்ணும் இடைஞ்சல் இல்லீங்க.

என்ற பேரு சாமியப்பன். தாராபுரத்துக்குப் பக்கத்துல எங்க தோட்டம். தென்னை, சின்ன வெங்காயம், மக்காச்சோளம். எங்கய்யன், அதான் அப்பா, வெட்டுன கெணறு ஒண்ணு இருக்குது, கல்லுக்கட்டு, உள்ள எறங்கறதுக்குப் படி வெச்சது. அப்பேர்ப்பட்ட கெணறு எங்க பக்கத்துல இன்னொண்ணு இல்லீங்க. தங்கச்சி பேரு துளசிமணி. சேலத்துல நர்ஸா இருந்தா. மச்சானும் அங்கதான் வேலை. அவரு தவறிப்போனதுக்குப் பொறகு, இவளும் வேலையில இருந்து ஓய்வு வாங்கிட்டு ஊருக்கு, எங்கூட்டுக்கே வந்துட்டா. வந்தவ சும்மா வரல. காட்டுல பங்கு வேணும்னு வந்தா.

நம்ம பக்கத்துல எவனாச்சும் பொறந்தவளுக்குக் காட்டுல பங்கு குடுப்பானுங்களா? நான் குடுத்தேன். கேக்காமயே குடுத்தேன்னு சொல்ல மாட்டேன். கேட்டா. வக்கீல் ஒருத்தரும் கூட வந்திருந்தாரு. அவரு டீ குடிச்சு டம்ளரக் கீழ வெக்கறதுக்குள்ள நான் செரின்னுட்டேன். அவ்வளவு பாசமுங்க எனக்கு.

எதக் குடுக்கறதுன்னு யோசிச்சேன். தென்னைக்குள்ள குடுத்தா பொம்பளையாளு மரம் ஏறவா முடியும்? கெணத்து மேட்டக் குடுத்தா கெணத்துக்குள்ள விழுந்து கிழுந்து வெச்சா யார் பதில் சொல்றது? அதனால பள்ளக்காட்டக் குடுத்தேன். பேருதான் பள்ளக்காடு, மண்ணு தங்கமுங்க. ஒரே ஒரு சங்கடம், மழை பேஞ்சா சுத்துவட்டத்துத் தண்ணியெல்லாம் அங்க வந்து நிக்கும். எங்கய்யன் ஒரு வாய்க்கால் வெட்டி ஓடைக்கு வடிச்சு விட்டிருந்தாரு. வருசா வருசம் அந்த வாய்க்கால வழிச்சு விட்டாத்தான் அங்க வெள்ளாமை. அதெல்லாம் பாத்துத்தான் குடுத்தேன். அவளுக்கும் ஒரு சோலி வேணுமில்லீங்களா, பொழுது போகோணுமே.

அவ என்ன பண்ணுனான்னா, வந்த மொத வருசமே ஜேசிபி கூப்பிட்டு அந்த வாய்க்கால மண்ணப் போட்டு மூடிட்டா. சுத்தியும் கரை போட்டுட்டா. நான் போயிக் கேட்டேன்.

"என்ன அம்மிணி, வடிகால அடைச்சுட்ட?"

"தண்ணி இங்கதான் நிக்கோணும்னு பாக்குதுண்ணா. வருசா வருசம் அதுகூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல."

"அப்ப என்ன வெள்ளாமை வெப்ப?"

"ஒண்ணும் வெக்கல."

எப்படி இருக்குது பாருங்க. சண்டை போட்டு வாங்குன காட்டுல ஒண்ணும் வெக்கலையாமா. கரை மேல வேப்பங்கன்னும் புங்கங்கன்னும் வெச்சா. பொழுது சாயறப்ப ஒரு பிளாஸ்டிக் சேரத் தூக்கிட்டுப் போயி அதுல உக்காந்து தண்ணியப் பாத்துட்டு இருப்பா. அவ்வளவுதான் பண்ணையம். ஊருல என்னைக் கேப்பாங்க, "என்ன சாமியப்பா, உன்ற தங்கச்சிக்கு ஒடம்புக்கு முடியலையா?"ன்னு. நான் என்னத்தச் சொல்ல? மச்சான் போன வெசனம்னு சொல்லிச் சமாளிச்சுக்குவேன்.

அந்தச் சமயத்துல எனக்கும் கஷ்டமுங்க. கெணறு சுத்தமா வத்திப்போயிக் கெடந்துது. போர் மேல போர் போட்டேன். புகைதான் வந்துது. மெசின்காரனே கையக் கட்டிட்டு நின்னுட்டான். அப்பத்தான் ஒறம்பரையில, சொந்தத்துல ஒருத்தர் சொல்லி, பல்லடத்துல இருந்து வாஸ்து பாக்கறவரு ஒருத்தரக் கூட்டிட்டு வந்தேன். அவரு தோட்டத்துக்குள்ள கால் வெச்ச ஒடனே சொல்லிட்டாரு, மோட்டார் ரூம் ஈசானிய மூலையில இருக்குது, அதான் கங்கா தேவி உள்ள வரமாட்டேங்கறான்னு. இடிச்சேன். அக்கினி மூலைக்கு மாத்திக் கட்டுனேன். நம்பமாட்டீங்க தம்பி, அடுத்த மழைக்கே கெணத்துல தண்ணி. அதுக்கு அடுத்த மழைக்குப் படி முங்கிப்போச்சு. சித்திரையில கூட மோட்டார் நிக்காம ஓடுச்சு. தென்னை எல்லாம் குளுந்துபோயி நின்னுது. ஒரு தேங்காக் கொலையத் தனியாளாத் தூக்க முடியாது. நான் அந்த வாஸ்துக்காரருக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்து, ஒரு நாள் விருந்து வெச்சேன்.

எங்கூட்டுல தெய்வாத்தா, அதான் என்ற சம்சாரம், அவ அந்த விருந்துக்கு எலை போட்டுட்டே சொல்றா, "பள்ளக்காட்டுல தண்ணி நிக்குது, அதுதான் கெணத்துல ஊறுது. விருந்தக் கொண்டுபோயி துளசிக்கு வெய்யுங்க"ன்னு. வந்தவரு முன்னாடியே சொல்றா. எனக்கு மானம் போச்சு. நான் சொன்னேன், "பள்ளக்காடு கெழக்க இருக்குது. கெணறு மேக்க இருக்குது. நடுவால அத்தனை மண்ணு இருக்குது. தண்ணிக்கு வழி தெரியறதுக்குக் கண்ணா இருக்குது?" அவ சோத்தப் போட்டுட்டு உள்ள போயிட்டா. வாஸ்துக்காரரு சாப்புட்டுட்டு இருந்தாரு.

அதுக்கப்புறம் பறவைக வந்துதுங்க. கொக்கு எப்பவும் வர்றதுதான், அத விடுங்க. மூக்கு நீளமானது, வாலு ஆடறது, காலு செவப்பா இருக்கறதுன்னு என்னென்னமோ வந்துது. அதுகளப் பாக்கறதுக்குத் திருப்பூர்ல இருந்தும் கோயமுத்தூர்ல இருந்தும் ஆளுக வந்தாங்க. இத்தாம் பெரிய கேமராவத் தோள்ல மாட்டிட்டு, என்ற தோட்டத்து வாசல்ல வண்டிய நிறுத்தி என்னையவே கேப்பாங்க, "ஏனுங்க, துளசிமணியம்மா குளம் எப்படிப் போறது?" நானும் வழி சொல்லுவேன். மனுசன்னு இருந்தா வழி சொல்லோணுமில்ல. ஒருத்தராச்சும் எறங்கி, இந்தத் தென்னை எப்படிக் காய்க்குது, இந்தக் கெணத்துல எப்படித் தண்ணி நிக்குதுன்னு கேட்டாங்களா? கேக்கல. காலு செவப்பா இருக்கற குருவியப் பாக்க வர்றான், மனுசன் பாடுபட்டு வளத்த மரத்தப் பாக்கல.

அதக்கூட நான் பொறுத்துக்கிட்டனுங்க. பஸ்ஸுல நடந்ததுதான் பொறுக்க முடியல.

எங்க ஸ்டாப்புக்கு எங்கய்யன் காலத்துல இருந்து எங்க தோட்டத்துப் பேருதான். அய்யன் போனதுக்கப்புறம் சாமியப்பன் தோட்டம்னு என்ற பேரச் சொல்லுவாங்க. ஒரு நாள் சந்தைக்குப் போயிட்டு டவுன் பஸ்ஸுல வர்றேன். புதுக் கண்டக்டர். விசில ஊதிட்டு, "கொளத்து ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க"ங்கறான். நான் எறங்கல. கொளத்து ஸ்டாப்புன்னு ஒரு எடம் எனக்குத் தெரியாதே, நான் எதுக்கு எறங்கறது? பஸ்ஸு போயிருச்சு. அடுத்த ஸ்டாப்புல எறங்கி, உச்சி வெயில்ல காய்கறிப் பையத் தூக்கிட்டுத் திரும்பி நடந்து வந்தேன். தெய்வாத்தா ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டா. பஸ்ஸு கெடைக்கலைன்னு சொன்னேன்.

நீங்க சிரிக்கறீங்க. இல்லீங்களா? செரி, சன்னல்ல வெயில் அடிக்குது, அதா இருக்கும்.

அப்பறம் இந்த ஈரம். பள்ளக்காட்டை ஒட்டி என்ற வெங்காயக் காடு இருக்குதில்லீங்களா, அதுல ஓரமா ஈரம் கசிய ஆரம்பிச்சுது. ஓரத்துப் பாத்தி வெங்காயம் அழுகிப்போச்சு. நான் போயிச் சொன்னேன். அவ சேர்ல உக்காந்துட்டே கேட்டா, "எத்தன பாத்திண்ணா?"

"எத்தனையா இருந்தா என்ன? போச்சில்ல?"

"ஓரத்த விட்டுட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடுண்ணா. அந்த எடத்துல எருமைப்புல்லு வெச்சா ஜம்முனு வரும்."

என்ற காட்டுல நான் தள்ளிப் போடோணுமாம். ஈரம் கசியுதுன்னு சொன்னப்ப, "அப்ப தண்ணி மேக்காலத்தான் போவுதாண்ணா?"ன்னு ஒரு மாதிரி என்னையப் பாத்துக் கேட்டா. ஆமா, பின்ன எங்க போவுது, என்ற காட்டுக்குள்ளதான் போவுது, அதான என்ற வெங்காயம் போச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தோத்துட்டோம்னு தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. சிரிச்சா.

போன வருசம் அவ மகளுக்குப் பிரசவம். இந்துமதின்னு பேரு, சேலத்துல இருக்கறா. இவ நர்ஸா இருந்தவ இல்லீங்களா, மகளுக்குக் கூட இருக்கோணும்னு கெளம்புனா. போறப்ப எங்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனா. "பள்ளக்காட்டப் பாத்துக்கண்ணா"ன்னு. பாத்துக்கிட்டேன். தெனமும் போயிப் பாத்தேன். பாக்கப் பாக்கத்தான் எனக்குப் பயம் வந்துது. தண்ணி ரொம்பி நிக்குது. டீவியில கனமழைங்கறான். கரையோ மண்ணுக் கரை. ஒடைஞ்சு ஊருக்குள்ள போனா என்னாகும்? ஊரு மேட்டுல இருக்குதுங்கறது வேற விசயம். பொதுவாச் சொல்றேன். பொறந்தவ கரையால நாலு பேருக்குக் கெடுதல்னு பேரு வந்தரக்கூடாது. அந்த எண்ணத்துலதான், பக்கத்துக் காட்டுக்கு வந்த ஜேசிபியக் கூப்பிட்டு, எங்கய்யன் வாய்க்கால் இருந்த எடத்துல ஒரு ஓரமாத் தொறந்து விட்டேன்.

போச்சுங்க தண்ணி. பொழுது சாயறப்பப் பாத்தா சேறுதான். கொக்கு நின்னுட்டு இருந்துது, அதுகளுக்கு அன்னைக்கு நல்ல சாப்பாடு. மத்ததெல்லாம் ஒரு சுத்துச் சுத்திட்டு எங்கயோ போயிருச்சு. தெய்வாத்தா எங்கூடப் பேசறத நிறுத்திட்டா. சோறு போடுவா, கொழம்பு ஊத்துவா, பேசமாட்டா. ஊடு அமைதியாத்தான் இருந்துது. நான் ஒண்ணும் கொறை சொல்லல.

துளசிமணி திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பஸ்ஸ விட்டு எறங்கி நேரா அங்கதான் போயிருக்கறா. நான் ஊட்டுல உக்காந்திருக்கறேன். சத்தம் போடுவா, அழுவா, வக்கீல் வருவாருன்னு எல்லாத்துக்கும் பதில் தயார் பண்ணி வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். வந்தா. காலெல்லாம் சேறு. வாசல்ல காலக் கழுவிட்டு உள்ள வந்தா. தெய்வாத்தா தட்டு வெச்சா, உக்காந்து சாப்புட்டா. சாப்புட்டு முடிச்சுட்டுத்தான் கேட்டா.

"தண்ணி எங்கண்ணா போச்சு?"

"ஓடைக்கு."

"ஓடை எங்க போவுது?"

"அமராவதி ஆத்துக்குத்தான்."

"செரி. எங்கயோ ஒரு பக்கம் யாரோ குடிச்சிருப்பாங்க."

அவ்வளவுதானுங்க கேட்டா. நான் தயார் பண்ணி வெச்ச பதில் ஒண்ணக்கூட சொல்ல விடல. கனமழை, மண்ணுக் கரை, எதையும் சொல்ல முடியல. கை கழுவ எந்திரிச்சவ நின்னு, "மீனையாச்சும் புடிச்சு வேற எங்கயாச்சும் விட்டிருக்கலாம்"னு தெய்வாத்தாகிட்டச் சொன்னா. எங்கிட்டச் சொல்லல. ஒரு வாரம் இருந்தா. பாத்திரம் பண்டத்தக் கட்டுனா. மக ஊட்டுக்குப் போறேன், கொழந்தையப் பாத்துக்க ஆள் வேணும்னா. நானே டெம்போ புடிச்சுக் குடுத்தேன். அந்தப் பிளாஸ்டிக் சேர மட்டும் விட்டுட்டுப் போயிட்டா. அது இன்னும் கரை மேலதான் கெடக்குது.

சோதனையப் பாருங்க, அந்த வருசமே மறுபடியும் கெணறு எறங்க ஆரம்பிச்சுருச்சு. மொதல்ல படி தெரிஞ்சுது, அப்பறம் அடிப்படி தெரிஞ்சுது, அப்பறம் சேறு. நான் பல்லடத்துக்காரருக்குப் போன் போட்டேன். அக்கினி மூலையில வெச்சது செரிதான், ஆனா ரூமுக்குக் கதவு தப்பான பக்கம் வெச்சிருக்கறீங்கன்னாரு. கதவ மாத்துனேன். ஒண்ணும் நடக்கல. மறுபடி கேட்டேன். ரூமையே வாயு மூலைக்கு மாத்தச் சொன்னாரு. மாத்துனேன். இப்பக் கூப்பிட்டா எடுக்கறதில்லீங்க. நல்ல மனுசன், ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்கும்.

தென்னையில மட்டை தொங்கிப்போச்சு. குருத்துக் காயுது. எங்கய்யன் கையால வெச்ச மரமெல்லாம் இருக்குது. லாரித் தண்ணி வாங்கி ஊத்திப் பாத்தேன். குடத்துத் தண்ணிய மணல்ல ஊத்துன மாதிரி எங்க போகுதுன்னே தெரியல. ஐப்பசியில மழை நல்லாத்தான் பேஞ்சுது, பேயலைன்னு சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் கொட்டுச்சு. விடிஞ்சு கொடையப் புடிச்சுட்டுப் பள்ளக்காட்டுக்குப் போனேன். சும்மாத்தான் போனேன். நாலு பக்கத்துல இருந்தும் தண்ணி வருதுங்க. செவசெவன்னு வருது. வந்து, ஒரு சுத்துச் சுத்தி, அந்த ஒடப்பு வழியா ஓடைக்குள்ள எறங்கிப் போயிட்டே இருக்குது. நான் நின்னு பாத்துட்டே இருந்தேன். மம்முட்டி எடுத்து நாலு கூடை மண்ணு அள்ளிப் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு எனக்கே தெரியல. அதையும் அடிச்சுட்டுப் போயிருச்சு. ஊட்டுக்கு வந்தா தெய்வாத்தா துண்டக் குடுக்கறா. அத்தன நாளைக்கு அப்பறம் அன்னைக்குத்தான் பேசுனா. "கொடை இருந்துமா இப்படி நனைஞ்சீங்க?"ன்னா. அவ்வளவுதான் பேசுனா.

ஜேசிபிக்காரன்கிட்டப் போயிக் கேட்டேன். வந்து கட்டிக் குடுக்கறேன், ஆனா துளசிமணியம்மா சொல்லோணுங்கறான். அவங்க காடு, அவங்க சொல்லாம நான் கை வெக்கமாட்டேங்கறான். தொறக்கறப்ப இந்த ஞாயம் எங்கடா போச்சுன்னு கேட்டேன். "அன்னைக்குக் கேக்கலைன்னுதாங்க இப்பக் கேக்கறேன்"ங்கறான்.

அதான் தம்பி கெளம்பிட்டேன். கெணத்துக்காகப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. கெணறு வேற விசயம், அது மூலை சம்பந்தப்பட்டது. பொறந்தவ இல்லாம ஊடு நல்லா இல்லீங்க. பொழுது சாஞ்சா கரை மேல ஒரு ஆளு உக்காந்திருக்கும், இப்ப இல்ல. அதுதான். கரையக் கட்டிக் குடுத்தரலாம்னு இருக்கறேன், அவ ஆசைப்பட்டாளேன்னு. தெய்வாத்தாவும் சொல்லிட்டா, அவ இல்லாம நீங்க மட்டும் திரும்பி வந்தீங்கன்னா நானும் கெளம்பிருவேன்னு. அவ வெளையாட்டுக்குச் சொல்ற ஆளு இல்ல.

முந்தாநேத்து இந்துமதிக்குப் போன் போட்டேன். அம்மா எப்படி இருக்கறாங்கன்னு கேட்டேன். "நல்லா இருக்கறாங்க மாமா. மூணாவது மாடி, எறங்கறதுக்கே சங்கடப்படறாங்க. ஆனா கொழந்தையக் குளிப்பாட்டற தண்ணியப் பக்கெட்டுல புடிச்சு, அத மட்டும் கீழ தூக்கிட்டுப் போயி ரோட்டோரத்து மரத்துக்கு ஊத்திட்டு வர்றாங்க. சொன்னாக் கேக்கறதில்ல"ங்கறா. "அவகிட்டக் குடு"ன்னேன். போனக் கையில வாங்குனா. மூச்சு விடற சத்தம் கேக்குது. கொஞ்ச நேரத்துல கொழந்த அழுதுது, வெச்சுட்டா.

நேர்ல போயி என்ன சொல்றதுன்னுதான் தாராபுரத்துல இருந்து யோசிச்சுட்டு வர்றேன். நீங்க படிச்ச புள்ள, நீங்க சொல்லுங்க. 'அம்மிணி, கெணறு வத்திப்போச்சு'ன்னு ஆரம்பிச்சா, கெணத்துக்காக வந்தான்னு ஆயிரும். 'தென்னை காயுது'ன்னா கெஞ்சற மாதிரி இருக்குது. 'அண்ணி கூப்புட்டா'ன்னா, அப்ப நீ கூப்புடலையாண்ணான்னு கேப்பா. அவ கேப்பா. எல்லாத்தையும் தள்ளிட்டு, ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கறேன். 'அம்மிணி, ஐப்பசியில நல்ல மழை. தண்ணிதான் நிக்கல.' இது எப்படி இருக்குதுங்க? இதுல என்ற மேல தப்புன்னு ஒண்ணும் வரலையே? சும்மா மழையப் பத்திப் பேசற மாதிரித்தான இருக்குது?

என்னங்க தம்பி, தலையச் சொறியறீங்க?

செரி. இன்னொருக்காச் சொல்லிப் பாக்கறேன், கேளுங்க. 'அம்மிணி, நல்ல மழை. தண்ணிதான்...'

இருங்க. இந்த சன்னலக் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க, காத்து மூஞ்சியில அடிக்குது.